திருப்பணி நிறைவு அறிக்கை: ‘பிம்’ மாதிரியைக் கொண்டு நடந்த பணிகள் குறித்து உறுப்பினர்களுக்கு

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரப் பெருமக்களுக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையிலுள்ள நம் கோயிலின் விமானம், மகாமண்டபம், பிரகாரத் தளவரிசை, மடைப்பள்ளி ஆகியவற்றின் திருப்பணி நிறைவுற்று, குடமுழுக்கும் இனிதே நடந்தேறியுள்ளது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டிருப்பதால், அதை இங்கே திரும்ப எழுதவில்லை. மெட்ரோ நிலையத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் பயன்படுத்துகிற கட்டடத் தகவல் மாதிரி, அதாவது ‘பிம்’, ஒரு கோயிலுக்கு எதற்கு என்று பொதுக்குழுவில் பலர் கேட்டனர். அக்கேள்விக்கு விடையளிப்பதே இவ்வறிக்கையின் நோக்கம்.

பிம் என்பது வெறும் முப்பரிமாணப் படமன்று. அதிலுள்ள ஒவ்வொரு தூணுக்கும் உத்திரத்துக்கும் குழாய்க்கும் அதன் அளவு, பொருள், இருப்பிடம் ஆகிய விவரங்கள் சேர்க்கப்பட்டிருக்கும்; ஓர் அளவை மாற்றினால் வரைபடங்களிலும் பொருள் கணக்கிலும் அந்த மாற்றம் தானே ஏறிவிடும். பணிகளின் கால வரிசையைச் சேர்த்தால் நான்காம் பரிமாணம் என்றும், செலவையும் சேர்த்தால் ஐந்தாம் பரிமாணம் என்றும் பொறியாளர்கள் சொல்கிறார்கள். நாக்பூர் மெட்ரோ இம்முறையில் நிர்வகிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 2016 ஏப்ரல் முதல் தன் மத்திய அரசுத் துறைகளின் கட்டுமானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அவையெல்லாம் புதிதாகக் கட்டுபவை. நம் கோயிலுக்கோ பழைய வரைபடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே லேசர் அளவீட்டுக் கருவியை முக்காலியில் பல இடங்களில் நிறுத்தி, கட்டடத்தின் மேற்பரப்பைப் புள்ளிகளாகப் பதிவு செய்து, அவற்றின் மீதுதான் மாதிரி எழுப்பப்பட்டது. பாலாலயத்துக்கு, அதாவது பணிக்காலத்தில் இறைசக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்குக்கு, முன்பே அளவீடு நடந்ததால் கருவறைக்குள் கருவி செல்லவில்லை. ஸ்தபதி பின்னர் கையால் எடுத்துத் தந்த அளவுகளே அங்கு இடம்பெற்றுள்ளன.

மாதிரிக்குக் கொடுத்த பணம் தகும் என்று குழு தயக்கமின்றிச் சொல்லக்கூடிய இடம் தளவரிசை. வடசென்னையின் பழைய தெருக்களில், இருக்கும் சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டு வந்ததால், பல வீடுகளின் வாசலைப் போலவே நம் கோயில் வாசலும் தெருவைவிடத் தாழ்ந்துபோய், ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரகாரத்தில் தண்ணீர் தேங்கிவந்ததை அனைவரும் அறிவோம். தளத்தை உயர்த்திவிட வேண்டும் என்பதே பெரும்பாலோரின் கருத்தாக இருந்தது. முதல் மதிப்பீடும் அவ்வாறே தயாரிக்கப்பட்டது. உயர்த்திய தளத்தை மாதிரியில் இட்டு, ரிஷப வாகனத்தைத் திருவாசியோடும் குடையோடும் சீர்பாதம் தாங்கிகளின் தோள் உயரத்தில் நகர்த்திப் பார்த்தபோது, தெற்கு வாசல் நிலையில் திருவாசி இடித்தது. மண்டபத் தூண்களின் அடிப்பகுதியும் புதைந்துபோனது. குடையை மடக்கலாம், திருவாசியை மடக்க முடியுமா என்று மூத்த சீர்பாதம் தாங்கி ஒருவர் கேட்டதோடு விவாதம் முடிந்தது.

எனவே முந்தைய திருப்பணிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட சிமென்ட் தளத்தையும் மொசைக்கையும் பெயர்த்தெடுத்து, பழைய கல்தளத்தை மீட்பது என்று முடிவாயிற்று. கல்தளம் கீழே இருப்பதை லேசர் காட்டவில்லை. அது மேற்பரப்பை மட்டுமே காணும். சோதனைக்குழி தோண்டித்தான் அதை உறுதிசெய்தோம். தெருவின் மழைநீர் வடிகால் நம் தளத்தைவிட உயரத்தில் இருப்பதால் நீர் தானாக வடிய வழியில்லை. ஆகவே வடகிழக்கு மூலையில் தொட்டி அமைத்து மோட்டார் பொருத்தப்பட்டுள்ளது. வாசலில் தடுப்புப் படியும் கட்டப்பட்டுள்ளது.

கல் உத்திரங்களில் எங்கும் துளையிடக் கூடாது என்பது ஸ்தபதி முதலிலேயே விதித்த நிபந்தனை. மின்கம்பி, ஒலிபெருக்கி, மழைநீர்க் குழாய் ஆகியவற்றின் பாதைகள் உத்திரங்களோடு மோதிய இடங்களெல்லாம் மாதிரியில் தெரிந்ததால், வேலை தொடங்குமுன்பே அவை மாற்றப்பட்டன.

கால வரிசையிலும் பயன் இருந்தது. கடற்காற்றின் உப்பால் பழைய சிமென்ட் பூச்சுக்குள்ளிருந்த இரும்புக் கம்பிகள் துருவேறிப் பருத்து விமானத்தில் விரிசல் விட்டிருந்ததால், அப்பூச்சை நீக்கிச் சுண்ணாம்புக் காரையே பூசப்பட்டது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. அதை அவசரப்படுத்த இயலாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் விமானப் பணி முடிய வேண்டுமென்று பின்னோக்கிக் கணக்கிட்டபோது, விமானச் சாரமும், மகாமண்டபத்துத் தட்டோடுகளைப் பெயர்த்து இறக்கும் வேலையும் ஒரே காலத்தில் வடக்குப் பிரகாரத்தை அடைத்துக்கொள்ளும் என்பது தெரிந்தது. ஆகவே மண்டப வேலை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஒப்பந்தக்காரரின் பட்டியல்கள் தளம், பூச்சு, ஓடு ஆகியவற்றில் மாதிரியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்பே ஏற்கப்பட்டன; இதனால் வாக்குவாதம் வெகுவாகக் குறைந்தது. சுதை வேலைக்கு இம்முறை உதவவில்லை. பொம்மையின் முகத்துக்கும் கைக்கும் எவ்வளவு காரை, எத்தனை நாள் என்பது ஸ்தபதியின் கையைப் பொறுத்தது. அங்கு மாதிரியைப் புகுத்த முயன்றிருந்தால் அது வீண்செலவாகியிருக்கும் என்பதே குழுவின் கருத்து.

மாதிரி இப்போது குழுவின் உடைமை. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிராமல், ஐ.எஸ்.ஓ. 16739 தரத்திலுள்ள ஐ.எஃப்.சி. என்னும் பொதுக் கோப்பு வடிவிலும் அதைப் பெற்றுள்ளோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அடுத்த திருப்பணியை ஏற்பவர்களிடம் அந்த மென்பொருள் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பிரதிகள் தனித்தனி இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. உறுப்பினர்கள் அலுவலக நேரத்தில் பார்வையிடலாம். பணியின்போது செய்யப்பட்ட மின்பாதை மாற்றங்கள் மட்டும் இன்னும் மாதிரியில் ஏற்றப்படவில்லை. அவற்றை ஏற்றி ஒப்படைத்த பிறகே மின்பணி ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகை விடுவிக்கப்படும்.