மாணவர் சுகாதார ஆய்வுகள்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தினதும் திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையினதும் பொறுப்பதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இடைநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் உணவு, உறக்கம், விளையாட்டு, புகைத்தல், மனநிலை ஆகியன பற்றிக் கேட்டறியும் ஆய்வுகளை நான் எதிர்ப்பவன் அல்லன். பத்தாம் தரத்தில் படிக்கும் மகளின் தகப்பன் என்ற வகையில் அவை தேவை என்றே கருதுகிறேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணும் பல்லும் உயரமும் எடையும் பார்க்கப்படுகின்றன. பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறது, வகுப்பில் யாருக்குப் பயந்து ஒதுங்கி இருக்கிறது என்பவை அதில் தெரிவதில்லை. பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் பல நாடுகளில் நடக்கும் பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு இலங்கையில் 2008இலும் 2016இலும் நடத்தப்பட்டது. பெயர் எழுதாமல் பிள்ளைகள் தாமே விடையளிப்பது அதன் அடிப்படை விதி. அத்தகைய ஆய்வுகளைப் பார்த்து உள்ளூரில் நடத்தப்படும் சிறு ஆய்வுகளில் இந்த விதி எவ்வளவு காக்கப்படுகிறது? எனது மகளின் பாடசாலையில் கொடுக்கப்பட்ட வினாத்தாளில் பெயருக்கு இடம் இருக்கவில்லை. ஆனால் மேல் மூலையில் சேர்விலக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாங்கில் மூவர் தோளோடு தோள் உரச இருந்து எழுதினார்கள். முடிந்ததும் வகுப்பாசிரியரே வரிசை வரிசையாகத் தாள்களைச் சேகரித்து, விடுபட்ட கேள்வி உண்டா என்று ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாராம். ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆயினும், அந்த நிலையில் "நீ எப்போதாவது புகைத்ததுண்டா?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளை "ஆம்" என்று அடையாளமிடும்? இப்படிப் பெறும் விடைகளைக் கூட்டிப் பார்த்தால் மாவட்டம் முழுவதும் உத்தமப் பிள்ளைகள் என்றே முடிவு வரும்.

ஆகவே வினாத்தாளைக் கொடுப்பதும் வாங்குவதும் அந்தப் பாடசாலையைச் சாராத ஒருவராக இருக்க வேண்டும். எழுதிய தாளை உறையிலிட்டு ஒட்டி, பூட்டிய பெட்டியில் பிள்ளையே போட வேண்டும். எந்த இலக்கமும் கேட்கக் கூடாது. வெருகல், குச்சவெளிப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் ஒரு வகுப்பில் பத்துப் பேரே இருக்கக்கூடும் என்பதால், வயது, பால், ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அத்தகைய பாடசாலைகளின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிடாமல் கோட்ட மட்டத்தில் ஒன்றாக்கி வெளியிடுவதே முறை.

ஆய்வு நடத்தும் காலத்தையும் கவனிக்க வேண்டும். "கடந்த 30 நாட்களில் எத்தனை தடவை பழம் உண்டாய்?" என்ற வகைக் கேள்வியை நோன்பு காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கேட்டால் கிடைக்கும் விடை ஆண்டின் மற்ற மாதங்களுக்குப் பொருந்தாது. மார்கழி மழையில் உடற்பயிற்சி பற்றிக் கேட்பதும், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும் வாரத்தில் கேட்பதும் ஒன்றுக்கொன்று நேர்மாறான படத்தையே தரும். 5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தனியார் வகுப்புக்குச் சைக்கிள் மிதிக்கும் நேரமும் அதில் சேருமா என்பதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டே விடை கேட்க வேண்டும். அன்று வராத மாணவரையும் மறக்க வேண்டாம். கரைவலை இழுக்கப் போன பையனும், தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்ற பிள்ளையும் கணக்கில் வராமல் போனால், யாருடைய நிலையை முதலில் அறிய வேண்டுமோ அவர்களே விடுபட்டுப் போவார்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா என்பது போன்ற கேள்வி இருக்குமாயின், தாளில் பெயர் இல்லாததால் அப்படி எழுதிய பிள்ளையைத் தேடிப் போக இயலாது, தேடவும் கூடாது. எனவே அன்றே அங்கேயே வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் ஒருவர் இருந்து, வந்து பேச விரும்பும் எவருடனும் தனியே பேச வேண்டும். மனநல உதவிக்கான 1926, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஆகிய இலக்கங்களை அச்சிட்ட துண்டு எல்லா மாணவருக்கும் ஒரேமாதிரி கொடுக்கப்பட வேண்டும்.

முடிவுகள் பாடசாலைக்குத் திரும்பி வருவதும் அரிது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்குச் சிவப்பு அடையாளம் இட வேண்டும் என்ற விதி 2016 முதல் உண்டு. அந்த அடையாளத்தைப் பிள்ளைகள் பார்த்து வாங்குகிறார்களா என்று கேட்டறிந்தால், விடை சிற்றுண்டிச்சாலைக் குழுவின் மேசைக்கு வர வேண்டாமா?

மேற்கூறியவற்றில் எவற்றை நடைமுறைப்படுத்துவீர்கள், எவற்றை இயலாதென்று கருதுகிறீர்கள் என்பதை, அடுத்த ஆய்வுக்காகப் பெற்றோரிடம் அனுப்பும் சம்மதப் படிவத்திலேயே எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பெற்றோர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.