கூண்டைக் கழுவுகிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

விலங்குகள் காப்பகங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். 2 வருடங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு காப்பகத்திலிருந்து 5 வயது நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். செவலை என்று கூப்பிடுகிறோம். இதை எழுதும்போதும் என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். ஆனால் வந்த 20ஆம் நாளே அவளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காப்பகத்துக்குப் போனவள் நான். அதனால்தான் இந்த மடல்.

நாயோடு எங்களுக்குக் கொடுத்த தாள்களில் குறையே இல்லை. தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்ததற்கான சான்று, மைக்ரோசிப் எண் எல்லாம் இருந்தன. குணம் என்று கேட்டிருந்த இடத்தில் மட்டும் 'சாது' என்று ஒரே ஒரு சொல்.

முதல் இரண்டு நாள் மேசைக்கு அடியிலிருந்து அவள் வெளியே வரவில்லை. நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிட்டாள். நான்காம் நாள் காலையில் கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்தேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, சுவரை உரசிக்கொண்டே நகர்ந்து மூலையில் ஒடுங்கினாள். அதிலிருந்து என்னைக் கண்டாலே உறுமல். பிறகு ஒரு நாள் என் மகன் குனிந்து கட்டிப்பிடிக்கப் போனபோது அவனைப் பார்த்தும் உறுமினாள். அவனுக்கு 10 வயது. பயந்துபோனோம்.

காப்பக அலுவலகத்தில் காத்திருந்தபோது, கூண்டுகளைக் கழுவுகிற பெரியவர் என்னை அடையாளம் கண்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "தொடப்பத்தப் பார்த்தா இன்னும் பயப்படுதாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரே சொன்னார்: "அத அடுத்த கூண்டுக்கு மாத்திட்டுத்தான் நான் கூட்டுவேன். நேரா நின்னு குனிஞ்சு தொட்டா அதுக்கு ஆகாது. பக்கவாட்டுல தரையில உக்காருங்க, தானா வரும்."

செவலையை நாங்கள் புரிந்துகொள்ள இந்த நாலு வார்த்தை போதுமாக இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை கூடத்துத் தரையில், அவளுக்குப் பக்கவாட்டில், அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். முதலில் முழங்கையில் ஈர மூக்கு பட்டது. அப்புறம் மூச்சின் சூடு. கடைசியில் என் கெண்டைக்காலில் மோவாயை வைத்துப் படுத்தாள்.

கூண்டுக்கு முன்னால் நின்று பார்க்கிற குணத்தை நம்பி ஒரு நாயைப் பற்றி எழுதிவிட முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாய்கள் சேர்ந்து குரைக்கும்போது காப்பகங்களில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த முதல் நாட்களில் நாயின் உடம்பில் கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறியிருக்கும். அந்த நிலையில் அசையாமல் கிடக்கிற நாய் சாதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயத்தில் உறைந்தும் போயிருக்கலாம். எங்கள் செவலை அப்படித்தான் இருந்திருக்கிறாள். எதிர்ப்பக்கமும் உண்டு. சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் சீறுகிறது என்று காப்பகச் சோதனையில் முத்திரை வாங்கிய நாய்களில் பல, வீட்டுக்குப் போனபின் அப்படி நடந்துகொள்வதில்லை. வாய்ப்பிருந்தால் தன்னார்வலர் யாராவது ஓரிரு இரவு நாயை வீட்டில் வைத்துப் பார்க்கட்டும். அந்த இரவுகளில் கார்ட்டிசால் இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கும் நாயின் வேறொரு முகம் தெரியவரும்.

நான் கேட்பது ஒரு தாள்தான். அதை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். தினமும் கூண்டைக் கழுவி, சோறு வைத்து, நடக்கக் கூட்டிப் போகிறவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எதற்குப் பயப்படும், எங்கே தொட்டால் பிடிக்காது, எப்படி உட்கார்ந்தால் பக்கத்தில் வரும், கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுமா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாயை ஒப்படைக்கிற அன்று அவரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியே அந்த 3-3-3 கணக்கையும் எல்லோருக்கும் சொல்லி அனுப்புங்கள். மிரட்சி தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 வாரம், நம் வீடு என்று நம்ப 3 மாதம். தோராயமான கணக்குதான், சில நாய்களுக்கு இன்னும் அதிகம் ஆகும். ஆனால் இது முன்பே தெரிந்திருந்தால் 20ஆம் நாள் நான் அங்கே வந்து நின்றிருக்க மாட்டேன். மூன்றாம் வாரம் நீங்களே ஒரு போன் போட்டு விசாரித்தாலும் போதும்.

உள்ளதைச் சொன்னால் யாரும் எடுத்துப் போக மாட்டார்களோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். இடம் இல்லை, வாசலில் அடுத்த நாய் காத்திருக்கிறது. புரிகிறது. ஆனால் சொல்லாமல் கொடுத்த நாய்தான் திரும்பி வருகிறது. அப்படித் திருப்பிக் கொண்டுவருகிறவர்களைத் தயவுசெய்து திட்டி அனுப்பாதீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு அதையும் அந்தத் தாளில் சேருங்கள். அடுத்து எடுத்துப் போகிறவருக்கு உதவும்.

போன மாதம் பெரியவரைப் பார்க்கச் செவலையைக் கூட்டிக்கொண்டு போனோம். தூரத்தில் கூண்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், கையிலிருந்த துடைப்பத்தைச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார்.

இப்படிக்கு,
செவலை வீட்டார்