அப்பாவின் கோர்ட்டினாவை ரேஸில் விடலாமா?

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் கைத்தடி இல்லாமல் கராஜ் வரைக்கும் நடக்கிறேன். தாமதத்துக்கு அதுதான் காரணம், மனதில் வைத்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் சுகம். பேத்தி சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். உறை மேல் உன் பெயரைத் தமிழில் எழுதியது அவள்தான்.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் 1964 ஃபோர்ட் கோர்ட்டினாவை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன், ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் பிரிட்டோரியா பக்கத்து ஸ்வார்ட்காப்ஸ் டிராக்கில் பழைய கார் ரேஸில் ஓட்ட ஆசை, முடியுமா என்று கேட்டிருக்கிறாய். உன் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் நாற்பது வருடம் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் என்ற முறையில் உனக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காரை அப்படியே ரேஸில் விடக் கூடாது. ரேஸுக்குத் தகுந்தபடி மாற்றினால், அப்புறம் அது அப்பாவின் கார் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கத் டிராக்குக்கு நாம் போனது நினைவிருக்கிறதா? அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் மடியில் இருக்கும். உன் அப்பா அந்தக் காரிலேயே நம்மை அழைத்துப் போவார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். நம் தெருவில் நிற்கிற அதே கோர்ட்டினா, அதே ஆங்கிலியா, அதே ரெனோ அந்தப் பக்கம் சீறிக்கொண்டு ஓடும். வீட்டுக்குத் திரும்பும்போது நாம் உட்கார்ந்திருந்த காரே வேறு மாதிரி தெரியும். அந்த டிராக் 1981இல் மூடப்பட்டது. நாம் மட்டும் அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்று ஓடியவை நம் கண்ணுக்குத்தான் அதே கார்கள். ரேஸ் வீரர் ஜிம் கிளார்க் முன் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்ப வளைவில் திரும்பும் படத்தை நீ சுவரில் ஒட்டி வைத்திருந்தாயே, அது லோட்டஸ் கோர்ட்டினா. 1,558 சிசி, 105 குதிரைசக்தி, முன்னால் டிஸ்க் பிரேக், கதவும் பானெட்டும் அலுமினியம். 1964இல் அவர் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனது அதில்தான். உன்னிடம் இருப்பது 1,198 சிசி, ஏறத்தாழ 50 குதிரைசக்தி, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மூடிய இரும்புச் சட்டிக்குள் ஷூ அழுத்திப் பிடிக்கிற வகை. உங்கள் பக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் அந்த ஐம்பதிலும் ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

சக்தி குறைவு என்பது பெரிய கவலை இல்லை. எல்லாரும் அதே மாதிரிக் காரில் வந்தால் மெதுவான ரேஸும் அருமையான ரேஸ்தான். நான் பயப்படுவது பிரேக்குக்கு.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நீ உட்கார்ந்தால் கார் சுமார் 900 கிலோ. 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு ஒரு தடவை இறக்கினால் பிரேக்குக்குள் போகிற சூடு, ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஸ்வார்ட்காப்ஸ் சின்ன டிராக், வளைவுகள் நெருக்கம். ஒரு சுற்றில் பல தடவை அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாய், ஆறுவதற்கு நேரமே கொடுக்காமல். டிரம்மில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. இரும்பு விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே கீழே இறங்கும். லைனிங் சூடாகிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழசாக இருந்தால் இன்னும் மோசம். டாட் 4 ரகப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும்; ஈரம் ஏறியபின் 155இலேயே கொதிக்கலாம். இங்கே டர்பன் காற்றில் அந்த ஈரம் சீக்கிரம் ஏறிவிடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் என் ஆங்கிலியாவை, 997 சிசி, எதுவும் மாற்றாதது, ஒரு டிராக்கில் சும்மா ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனேன். முதல் சுற்று நன்றாக இருந்தது. இரண்டாவதில் பெடல் கொஞ்சம் ஆழம் போனது, பரவாயில்லை என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில், கால் பலகை வரைக்கும் போய்விட்டது. கியரை இறக்கி, கைபிரேக்கை இழுத்து, புல்லில் ஏறி நிறுத்தினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இறங்கி நின்றபோது முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என் கை நடுங்கியதை நினைத்துத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மற்றவை எல்லாம் இதைவிடச் சின்னவை. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். உன் 1200இல் கிராங்க்குக்கு மூன்று பேரிங்தான், அது பொறுத்துக்கொள்ளாது. அப்புறம் பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2006 ஜனவரியோடு நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றியது. கடைக்குப் போய்வர ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அரைமணி நேரம் முழு வேகத்தில் முறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு உள்ளே அமுங்கிவிடும். ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான வால்வு சீட் போட வேண்டியிருக்கும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியை, பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்கமும் தெரியும், டார்ச் அடித்துப் பார். அந்தக் கார் இருபது வருடம் டர்பன் கடல்காற்றில் நின்றது. அங்கே துரு பிடித்திருந்தால் ரேஸ் மட்டுமில்லை, ரோடும் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்.

குடும்பக் கார் என்றால் பலமில்லாதது என்று நான் சொல்லவில்லை. பெஜோ 404 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை நாலு தடவை வென்றது. 1964இல் வென்றது கோர்ட்டினா ஜிடி, உன் காரின் கூடப்பிறந்ததுதான். அவற்றையும் ராலிக்கென்று தயார் செய்துதான் அனுப்பினார்கள்.

நீ ரேஸுக்கென்று தயார் செய்தால் என்னென்ன போகும் என்று எண்ணிப் பார். கார் உருண்டாலும் உன்னைக் காப்பாற்றும் இரும்புக் கூண்டு வைக்க உள்ளே வெட்டிப் பற்றவைக்க வேண்டும். அப்பா உட்கார்ந்த சீட்டை எடுக்க வேண்டும், பின்சீட்டையும்தான். கூண்டும் தோள்பெல்ட்டும் இல்லாமல் உன்னை டிராக்கில் விட எனக்கு மனசு வராது. இத்தனையும் செய்தபின் யாராவது பக்கத்தில் இடித்தால், அந்தக் கதவுக்கு இன்னொரு கதவு எங்கே தேடுவாய்?

அதனால் நான் யோசித்தது இது. அப்பாவின் காரை ரெகுலாரிட்டி ஓட்டங்களுக்கு வைத்துக்கொள். வேகத்துக்கு அங்கே பரிசு இல்லை. குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தைக் கடக்க வேண்டும். டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் வரை பழைய மோட்டார் சைக்கிள்கள் போகும் டிஜே ரன் அப்படித்தான் நடக்கிறது. 1913இலிருந்து 1936 வரை அந்த வழியில் நிஜ ரேஸே நடந்தது. இப்போது அதன் நினைவாக 1936 வரை செய்யப்பட்ட வண்டிகளைப் பழைய சாலைகளில் நேரக் கணக்கோடு ஓட்டுகிறார்கள். கார்களுக்கும் அந்த மாதிரி ஓட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் ஓட்ட, ஒருவர் கடிகாரமும் வரைபடமும் பார்க்க வேண்டும். எனக்கு முழங்கால் போனாலும் கண் போகவில்லை.

ரேஸ்தான் வேண்டும் என்றால், அடி வாங்கிய ஒரு பழைய கார்க் கூட்டை வாங்கு. அதில் டிஸ்க்கும் கூண்டும் வைத்து நாம் சேர்ந்து கட்டலாம். செலவு கூடும், இரண்டு வருடம் ஆகும். ஆனால் எதை வெட்டினாலும் மனசு வலிக்காது.

ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு வழக்கம்போல வருவாய் அல்லவா? கோர்ட்டினாவிலேயே வா என்று சொல்ல ஆசைதான், ஆனால் வேண்டாம். அந்தப் பிரேக்கோடு, வருகிற வழியில் வான் ரீனன் மலைக் கணவாயில் இறங்காதே. நாலு டிரம்மையும் கழற்றி வேறு காரில் எடுத்து வா. இங்கே என் லேத்தில் கடைந்து பார்க்கிறேன், எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று. ஸ்ட்ரட் தலையைப் படம் எடுத்து முன்னாலேயே அனுப்பு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய வகுப்புத் தோழன்