வருஷத்துக்கு எத்தனை சார் பண்றீங்க?

காப்பீட்டு அட்டைக்கு ஆஸ்பத்திரிப் பட்டியல் போடும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் சாப்பாடு அடைக்க ஆரம்பித்தாலே பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அப்பாவுக்கு அல்சர் என்று எடுத்த எண்டோஸ்கோபியில் ஆரம்பத்திலேயே சிக்கியது, அதிர்ஷ்டம்தான். உள்தோலோடு நின்றிருந்தால் எண்டோஸ்கோபி வழியாகவே சீவி எடுத்திருப்பார்களாம். அதற்கு அடுத்த அடுக்கில் இறங்கிவிட்டதால், நெறிக்கட்டிக்குப் பரவும் வாய்ப்பு கூடி, ஆபரேஷன் என்றார்கள். உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையைக் குழாய்போலத் தைத்து மேலே இழுத்து இணைக்கும் ஆபரேஷன், தையல் கசிந்தாலோ நிமோனியா வந்தாலோ உயிருக்கே ஆபத்து.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் "வியாழக்கிழமையே வெச்சுக்கலாம்" என்றார்கள். அம்மாதான், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "வருஷத்துக்கு இது மாதிரி எத்தனை சார் பண்றீங்க?" என்று கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு, மூணு இருக்கும்மா" என்றார். மறைக்காமல் சொன்னாரே, அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் கிளம்பிவிட்டோம்.

அம்மா கேட்டது சும்மா இல்லை. 2002ல் அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்த ஆபரேஷனை மிக அபூர்வமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 20 பேர் இறந்தார்கள், அதிகம் செய்யும் இடங்களில் சுமார் 8 பேர். நம் ஊரில் கை தேர்ந்தவர்கள் இல்லாமலும் இல்லை: நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சைப் பிளக்காமல் கேமரா விட்டுச் செய்யும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தைக் கோவை டாக்டர் பழனிவேலுவின் குழு 2006லேயே வெளியிட்டிருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் ஆஸ்பத்திரிப் பெயர், முகவரி, போன் நம்பர் இருந்தன. பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள், போன வருஷம் எத்தனை ஆபரேஷன், 90 நாளில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று. சிக்கலான கேஸ்களை எடுப்பவர்களின் கணக்கு மோசமாகத் தெரியும் என்பீர்கள், சரி, அதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள், படித்துப் புரிந்துகொள்வோம். அப்புறம், தூரத்து ஊருக்குப் போகிறவர்களுக்குப் பஸ் காசும் கூட இருப்பவர் தங்கும் செலவும் சேர்த்துக் கொடுங்கள். நாங்கள் அதற்கு அம்மாவின் வளையலை வைத்தோம்.

அப்பா இப்போது நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒன்றரை இட்லி சாப்பிடுகிறார். மல்லாந்து படுத்தால் எதுக்களிக்கிறது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூக்கம். வளையலை இன்னும் மீட்கவில்லை.