மலைக்கு ஒரு கியர்: மொபெட் வடிவமைக்கும் ஓசூர் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே,

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரம் போகும் சாலையில் முப்பது ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி உங்கள் எக்ஸ்.எல். தான். பக்கவாட்டில் நீங்கள் என்ன பெயரை ஒட்டி அனுப்பினாலும் எங்களுக்கு அது டி.வி.எஸ். ஃபிஃப்டி. 1980-இல் ஒட்டிக்கொண்ட பெயர், எஞ்சின் 100 சி.சி. ஆன பிறகும் உதிரவில்லை.

சென்ற மாதம் பட்டறை வாசலில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அஸ்தம்பட்டி பக்கம் தண்ணீர் கேன் போடும் தம்பி ஒருவர், இந்த மாடல் கிழடாகிவிட்டது, முகத்தை மாற்ற வேண்டும், மீட்டர் டிஜிட்டலில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாகலூரிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர், பின்சக்கர பிரேக் டிரம்மில் கையை வைக்கப் போய், சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சொன்னார்: "முகம் கிடக்கட்டும் தம்பி. இறங்கும்போது வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு கியர் கொடுக்கச் சொல்." அவர் சொன்னதைத்தான் இந்த மடலில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். 2015-இல் எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தபோது அதை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முந்தைய 69.9 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை ஒரு ஸ்பேனரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடலாம். வால்வு கிடையாது, கேம் கிடையாது. சைலன்சர் அடைத்தால் கழற்றி நெருப்பில் போட்டுக் கரியைத் தட்டினால் தீர்ந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை எதற்குத் தொடுகிறார்கள் என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் புலம்பினேன்.

எனக்கே நடந்ததை அப்போது மறந்திருந்தேன். தொண்ணூறுகளில் ஒரு பலாப்பழ சீசன். ஒரு பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் பின்னால் மூன்று பழங்களைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்கினேன். எந்தக் கம்பெனி வண்டி என்பது இப்போது வேண்டாம். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டேன். பாதி மலையில் பின்சக்கரம் கீச்சென்று பூட்டிக்கொண்டது. பிஸ்டன் சீஸ், அதாவது எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டது. நான் ஒரு பக்கம், பலாப்பழம் ஒரு பக்கம். பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் அந்த எஞ்சினுக்கு உயிர். ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும், கூடவே எண்ணெயும் நிற்கும். ஆனால் இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். மலைக்காரர்கள் இறங்கும்போது அவ்வப்போது சும்மா ஒரு முறுக்கு முறுக்குவார்களே, அது வீம்புக்கு அல்ல. பிஸ்டனுக்கு ஒரு வாய் எண்ணெய் ஊட்டுவது.

நான்கு ஸ்ட்ரோக் வந்ததும் எண்ணெய் தனியாக அடியில் தங்கியது. அந்தப் பயம் ஒழிந்தது. 2020-இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்காக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்பரேட்டரை எடுத்துவிட்டு, அளந்து பீச்சும் எரிபொருள் இன்ஜெக்ஷன் வைத்தீர்கள். அதற்கும் முகம் சுளித்தேன். பிறகு பார்த்தால் மேலே போனதும் கறுப்பாகும் ஸ்பார்க் பிளக் இப்போது கறுப்பாவதில்லை. ஏற்காட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, சேலத்தில் ஊற்றியதையே அங்கும் ஊற்றும். இன்ஜெக்ஷன் பார்த்து ஊற்றுகிறது. ஆகவே, பழைய மாடலைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. இரண்டு முறை நீங்கள் தொட்டீர்கள். இரண்டு முறையும் தோற்றது நான்.

மூன்றாவது முறையாக இப்போது நானே கேட்கிறேன்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் இந்த மலைக்கு உள்ள வேலை, விளைந்ததைக் கீழே இறக்குவதும், கீழிருந்து அரிசி பருப்பை மேலே ஏற்றுவதும்தான். எஸ்டேட்காரர்களுக்கு ஜீப்பும் லாரியும் உண்டு. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு எக்ஸ்.எல். ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 220 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 1,200 மீட்டர் இறங்கும்போது பிறக்கும் சக்தி, எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இந்தக் கணக்கை என் பெண் போட்டுக் கொடுத்தாள், பிளஸ் டூ இயற்பியல். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தையெல்லாம் இரண்டு சிறிய டிரம்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

லாரி ஓட்டுநர்களிடம் ஒரு விதி உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. எக்ஸ்.எல்.லில் இருப்பதே ஒரு கியர்தான். அதுவும் சமவெளியில் அறுபதில் போவதற்காக அமைத்த கியர். உள்ளே இருக்கும் கிளட்ச், எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ஷூக்கள் என்ற உராய்வுக் கட்டைகள் விரிந்து பிடிக்கும், மெதுவாகச் சுற்றினால் விட்டுவிடும். வளைவில் வேகம் பதினைந்துக்கு வந்ததும் அது கையை விட்டுவிடுகிறது. ஏறும்போதானால் பிடித்தும் பிடிக்காமலும் உரசி ஷூ கருகுகிறது. இறங்கும்போதானால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவே அறுந்து, வண்டி மூட்டையோடு தானாக உருள்கிறது. பிரேக்கைத் தவிர வேறு கதி இல்லை. 2019-இல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு இணைப்பு பிரேக் கட்டாயமான பிறகு ஒரே பிடியில் இரண்டு சக்கரமும் பிடிக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு டிரம்மும் ஒன்றாகச் சூடேறிய பிறகு எதைப் பிடிப்பது? ஏற்றத்தில் கருகும் கிளட்சுக்கும் இறக்கத்தில் கருகும் பிரேக்குக்கும் காரணம் ஒன்றே. தாழ்ந்த கியர் ஒன்று இல்லை.

இது நடக்கக்கூடியதா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. என் தங்கை மகன் கனடாவின் வடக்கே யெல்லோநைஃபில் வேலை பார்க்கிறான். அங்கே குளிர்காலத்தில் சாமான் இழுக்க ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிதான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் டிராக்டர் சங்கிலி போல ரப்பர் பட்டை. அவன் நண்பரிடம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை விசிறிக் காற்றால் குளிர்விக்கும் பழைய வேலைக்கார மாடல் ஒன்று இருக்கிறதாம். அங்கேயும் இதே சண்டை! இந்தக் கிழட்டு எஞ்சினை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கனம், புதுப் பனியில் புதையும் என்கிறார் இன்னொருவர். அங்கும் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கண்ணில் பட்டது வேறொன்று. அவன் அனுப்பிய படத்தில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். ஒரு பக்கம் தள்ளினால் வேகம், மறுபக்கம் தள்ளினால் இழுவை. "சாமான் கட்டிய சறுக்குவண்டியை இழுக்கும்போது இழுவையில் போடுவார்கள் மாமா" என்றான். மொபெட் போலவே எடைத்துண்டுகள் விரிந்து பிடிக்கும் கிளட்ச்தான் அதிலும். அதற்கு மேல் ஒரு பெல்ட்டும் உண்டு. இருந்தாலும் சுமைக்கென்று தாழ்ந்த கியர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் வேலை செய்யும் அந்தக் குச்சி ஏற்காட்டுத் தூறலில் வேலை செய்யாதா?

மொபெட்டுக்கும் இது புதிதல்ல. ஸ்லொவேனியாவின் டோமோஸ் கம்பெனி இரண்டு வேகத் தானியங்கி மொபெட்டுகளைப் பல ஆண்டுகள் விற்றது. அது போலத் தானாக மாறும் கியர் எனக்கு வேண்டாம். தானாக மாறுவது தானாகவே விட்டும்விடும். ஏறும்போது அடிவாரத்தில் நின்று கையால் தள்ளிப் போட்டு மேலே போய் எடுக்கும்படியும், இறங்கும்போது மேலே போட்டு அடிவாரத்தில் எடுக்கும்படியும் இருந்தால் போதும். அப்படிப் போட்டிருக்கும்போது பதினைந்து கிலோமீட்டர் வேகத்திலும் கிளட்ச் விடக் கூடாது. இறங்குவதற்கு அதுதான் உயிர்நாடி.

முடியாது, விலை ஏறும் என்பீர்கள். ஏறும்தான். இந்த வண்டியை வாங்குபவர் ஆயிரம் ரூபாய்க்குக் கடை கடையாக ஏறி இறங்குபவர் என்பது எனக்கும் தெரியும். எல்லா வண்டிக்கும் வேண்டாம், மலை மாடல் என்று தனியாக விடுங்கள். கொல்லிமலையிலும் கல்வராயனிலும் ஜவ்வாதிலும் வாங்க ஆள் இருக்கிறது. அதுவும் ஆகாதென்றால் குறைந்தது பின்பக்கம் சில பல் கூடுதலான ஸ்பிராக்கெட்டை (சங்கிலி ஓடும் பல்சக்கரம்), பொருந்தும் நீளச் சங்கிலியோடு, கம்பெனி உதிரியாகவே கொடுங்கள். இப்போது ஆளாளுக்கு லேத்தில் கடைந்து மாட்டிக்கொள்கிறார்கள். பாதிக்குப் பாதி மையம் கோணல்.

மின்சார வண்டி வந்தால் இதெல்லாம் தேவையில்லை என்று அந்தத் தண்ணீர் கேன் தம்பி சொன்னார். 1972-இல் வந்த லூனா மொபெட்டே 2024-இல் மின்சாரமாகத் திரும்பி வந்துவிட்டது, உண்மை. மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே இழுவை உண்டு, ஏற்றத்தில் ஜெயித்துவிடும். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பவும் செய்யலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். மலைக்காரர் இரவு சார்ஜ் போடுவது மலை உச்சியில். காலையில் பேட்டரி நிறைந்த வண்டியோடு இறங்க ஆரம்பிக்கிறார். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? அந்த இறக்கத்தில் மோட்டார் பிரேக்கால் அதிகப் பயன் இருக்காது. சார்ஜைக் குறைத்துப் போடு என்று அவருக்குச் சொல்லித் தருவதற்கு முன் மின்சாரம் தடங்கல் இல்லாமல் அவர் வீடு வரை வந்து சேர வேண்டும்.

தோற்றத்தைப் பற்றியும் கேட்டால் சொல்கிறேன். செல்போன் சார்ஜ் செய்யும் துளை, ஸ்விட்ச் ஸ்டார்ட், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் பாராட்டுகிறேன். குறிப்பாக விளக்கு, மூடுபனியில் எதிரே வருபவருக்கு நாம் தெரிகிறோம். அதற்கு மேல் பிளாஸ்டிக் கவசம் எதுவும் வேண்டாம். வளைவில் ஒரு முறை சாய்ந்தால் முதலில் உடைவது அதுதான், பிறகு அது இல்லாமலேயேதான் வண்டி ஓடப் போகிறது. அழகாக்குகிறோம் என்று நடுத்தளத்தை மேடாக்கிவிடாதீர்கள். அங்கே ஒரு சிப்பம் அரிசி நிற்கிறது, அதன் மேல் சில நேரம் ஒரு குழந்தையும் நிற்கிறது. குழந்தையை நிறுத்துவது தப்பு என்று நானும் திட்டித்தான் அனுப்புகிறேன்.

எங்கள் சாலையை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். சோதனைக்கு வண்டி கொண்டுவந்தால் காலியாக ஓட்டாதீர்கள், அறுபது கிலோ கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். அதுவும் சேலத்திலிருந்து ஏறி அல்ல. ஏற்காடு ஏரிக்கரையில் காபி குடித்துவிட்டு அங்கிருந்து புறப்படுங்கள், அடிவாரத்தில் என் பட்டறை வாசலில் நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் வாளி தயாராக வைத்திருப்பேன், கைக்கு மட்டும். சூடான டிரம்மில் ஊற்றினால் விரிசல் விடும்.

கியர் நெம்புகோலை இடது பக்கமே வையுங்கள், வலக்கை ஆக்ஸிலேட்டரில் இருக்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்ற இப்போது இருக்கிற வசதியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அடிவாரச் சாலை மெக்கானிக் ஒருவன்,
சேலம்.