நீங்கள் அனுப்பிய இரவுப் படம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் இளைய மகனுக்கு இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் வேலை கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தது. இங்கு யாவரும் நலம்.

செயற்கைக்கோள் எடுத்த கொரியாவின் இரவுப் படத்தை அனுப்பி, தெற்கே ஒளிவெள்ளமும் வடக்கே இருளுமாகத் தெரியும்போது முதலாளித்துவம் பொதுவுடைமையை வென்றது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் 1945இல் அந்நாடு 38ஆவது அட்சக்கோட்டில் பிரிக்கப்பட்டபோது, ஜப்பானியர் கட்டிய பெரிய நீர்மின் நிலையங்களும் ஹுங்னாம் உர ஆலையும் வடக்கின் பங்குக்குப் போயின. 1948 மே மாதம் வடக்கு மின்சாரத்தைத் துண்டித்தபோது இருளில் தவித்தது தெற்குதான். 1950–53 கொரியப் போருக்குப் பிறகும் வெகுகாலம் தொழில் உற்பத்தியில் வடக்கே முந்தியிருந்தது; 1965இல் இந்த விவாதம் நடந்திருந்தால் நான் உங்களை எளிதாக மடக்கியிருப்பேன்.

தெற்கு அதன்பின் எழுந்த விதமும் நீங்கள் போற்றும் கட்டற்ற சந்தையின் விதம் அன்று. 1961இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீ வங்கிகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். 1962 முதல் ஐந்தாண்டுத் திட்டங்கள் போட்டார். எந்தத் தொழிலுக்குக் கடன், எவ்வளவு ஏற்றுமதி என்பதையெல்லாம் அரசே வகுத்தது. போஹாங் உருக்காலை அரசு நிறுவனமாகவே பிறந்தது. ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜூ-யுங்கூட இன்றைய வட கொரியாவில் பிறந்த உழவர் மகன். தந்தை மாடு விற்ற பணத்தோடு சியோலுக்கு ஓடிப்போனவர், 1998இல் அந்தக் கடனைத் தீர்ப்பதுபோல் 1,001 மாடுகளை எல்லை தாண்டி ஓட்டிச் சென்றார். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் அரசின் உத்தரவாதமும் நின்றது என்கிறேன். அந்த வளர்ச்சியின் விலையைக் கொடுத்தவர்களில் ஒருவர், 1970இல் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரிச் சியோலில் தீக்குளித்த தையல் தொழிலாளி ஜியோன் தே-இல்.

இரு பக்கமும் திட்டமிட்டன. தவறு நேர்ந்தபோது அதைச் சொல்ல யார் இருந்தார்கள் என்பதில்தான் வேறுபாட்டைக் காண்கிறேன். தெற்கின் சரக்கு மட்டமானால் வெளிநாட்டு வாங்குபவர் திருப்பி அனுப்பினார். 1987இல் மக்களே தெருவில் இறங்கி நேரடித் தேர்தலைப் பெற்றார்கள், அந்தக் கோடையிலேயே தொழிற்சங்கங்கள் பெருகின. வடக்கில் அப்படிச் சொல்லத் துணிந்தவருக்கு சிறை முகாம்தான் காத்திருந்தது. சோவியத் உதவி நின்று, உரமும் மின்சாரமும் குறைந்து, 1995இல் வெள்ளமும் சேர்ந்தபோது லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். அரசுப் பங்கீடு நின்றுபோனதால் பெண்கள் கையிலிருந்ததை விற்று ‘ஜாங்மாதாங்’ எனப்படும் சந்தைகளை உருவாக்கினார்கள். அரசு அவற்றை ஒருநாள் அடக்குகிறது, மறுநாள் கண்டும் காணாமல் விடுகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2004 முதல் 2016 வரை, எல்லையை ஒட்டி வட கொரியாவுக்குள் இருந்த கேசோங் தொழில் வளாகத்தில் தெற்கின் முதலாளிகள் வடக்கின் 50,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டு ஆலைகள் நடத்தினார்கள். கூலியோ தொழிலாளி கைக்கு நேரே போகாமல், டாலராக வட கொரிய அரசிடம் போனது. அதை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவீர்கள்? விரிவாகப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்