சின்னக் கரைதானேன்னு எழுதாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்புல கனகபுரா ரோடு பக்கத்து ரிசார்ட் ஏரியப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டிங், தூண்டில் எல்லாம் சரி. "சொந்தமா கட்டின சின்ன மண் கரை, பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு ஒரு வரி வந்துச்சே, அதப் படிச்சதுலேருந்து மனசு ஆறலைங்க.

நாங்களும் குடும்பத்தோட அங்க போனவங்கதான். கரை பூரா மரம் நட்டு நடுவுல பெஞ்ச் போட்டிருக்காங்க. மரம் பட்டுப்போனா வேர் மக்கி அந்த வழியாவே தண்ணி கசியும். எங்கப்பா ஓசூர் பக்கம் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியா, அதாவது ஏரித் தண்ணியையும் கரையையும் பாத்துக்கிற ஆளா இருந்தவரு, மழைன்னா ராத்திரி அரிக்கேன் எடுத்துட்டுப் போயி எலி வளை நண்டு வளை தேடி அடைப்பாரு, கரையில ஒரு வேலிக்கருவ முளைக்க விடமாட்டாரு. இந்த ரிசார்ட்ல மீன் தப்பிடக்கூடாதுன்னு, ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற கலிங்குலயே கம்பி வலை அடிச்சிருக்காங்க, அதுல பாட்டிலும் ஆகாயத்தாமரையும் அடைச்சுக் கிடக்கு. மேனேஜர்கிட்ட சொன்னா, "சார் ரூம் கெஸ்டா, டே அவுட்டா?"ன்னு கேக்குறாரு!

உங்களுக்குத் தெரியாததில்ல, அமெரிக்காவுல சவுத் ஃபோர்க் அணையும் பணக்காரங்க கிளப் ஒண்ணு மீன் பிடிக்க வச்சிருந்த மண் அணைதான். வண்டி போக கரை உச்சியத் தாழ்த்தினாங்க, கலிங்குல இதே மாதிரி மீன் வலை, அடியில தண்ணி திறக்கிற குழாய முன்னாடி சொந்தக்காரரா இருந்தவரு கழட்டி வித்தத திரும்பப் போடவே இல்ல. 1889 மே 31, பெருமழையில தண்ணி கரை மேல வழிஞ்சு, அணை உடைஞ்சு, கீழ ஜான்ஸ்டவுன் ஊர்ல 2,200 பேருக்கு மேல செத்தாங்க. கோர்ட்ல யாராலயும் அந்த கிளப்ப ஜெயிக்க முடியல.

அவ்வளவு தூரம் எதுக்கு, 2019 நவம்பர்ல இங்க பெங்களூருல ஹுளிமாவு ஏரிக் கரை உடைஞ்சப்போ என் தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜ் கவுந்து மிதந்துச்சு, பொண்ணோட மார்க் ஷீட்டெல்லாம் சேறு. அப்பவும் உங்களுக்கு எழுதினேன், போடல. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-லயே வந்தாச்சு, ஆனா 10 மீட்டராவது உயரம் இருந்தாத்தான் அதுல பேச்சே. ரெண்டு ஆள் உயரம் இருக்கிற இந்த ரிசார்ட் கரைய யாரு வந்து பாப்பாங்க? கரைக்கு நேர் கீழ தகர ஷெட்டுல கட்டட வேலைக்காரங்க புள்ளகுட்டியோட இருக்காங்களே, உங்க நிருபர் கண்ணுல அவங்க படலையா?

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. மழைக்கு முன்னாடி வலைய எடுப்பீங்களான்னு ரிசார்ட்காரங்கள ஒரு வார்த்த கேட்டு பதிலையும் போடுங்க. இடமில்லைன்னா எங்கப்பா கதைய வெட்டிக்கலாம், கலிங்கு விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
பன்னேருகட்டா ரோடு வாசகர்
பெங்களூரு